எச்.டி.சி.டி. வட்டிலிருந்து முழு ஒலியை எடுப்பது: ரிப் முதல் டி.ஏ.சி. வரை

சிடி உறையில் 'எச்.டி.சி.டி.' முத்திரை இருந்தால், பாட்டுத் தரவுக்குள்ளேயே கூடுதலாக ஏதோ பதிந்திருக்கிறது என்று பொருள். 'எஸ்.எச்.எம்.-சிடி', 'ப்ளூ-ஸ்பெக் சிடி' என்றிருந்தால் வட்டின் பிளாஸ்டிக்கோ, அச்சுவார்க்கும் முறையோ மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது வழக்கமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரவே. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதால்தான் புது டி.ஏ.சி. (டிஜிட்டல் தரவைக் கேட்கும் ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) வாங்கியும் சிலருக்குத் திருப்தி வருவதில்லை.

எச்.டி.சி.டி. 1990களில் பசிபிக் மைக்ரோசானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 2000-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. 16 பிட்டில் கடைசி பிட் இருக்கிறதே, அதில் இரைச்சல் போலத் தெரியும் ஒரு கட்டளைக் குறியீட்டை அவ்வப்போது ஒளித்துவைப்பார்கள். பதிவின்போது அமுக்கப்பட்ட உச்சங்களை 6 டெசிபெல் வரை விரிக்க வேண்டும், தூக்கிவைத்த மெல்லிய பகுதிகளை அரை டெசிபெல் படிகளாக இறக்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் குறியீடு டிகோடருக்கு, அதாவது குறியீட்டைப் படித்து ஒலியை மீட்கும் பகுதிக்கு, சொல்லும். டிகோடர் இல்லாத பிளேயரிலும் வட்டு பாடும். உச்சங்கள் மட்டும் சற்று நசுங்கிக் கேட்கும்.

குறியீடு கடைசி பிட்டில் இருப்பதால், வால்யூமை ஒரு புள்ளி குறைத்தாலே அழிந்துவிடும். ஈக்வலைசர், ரீப்ளேகெயின் (பாடல்களின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி), நார்மலைஸ் (சத்தத்தை உச்ச அளவுக்குத் தூக்குவது), சாம்பிள் ரேட் மாற்றம், எம்பி3 எதுவாக இருந்தாலும் கதை அதேதான். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பிட் பிசகாத ரிப் (வட்டின் தரவைக் கணினிக் கோப்பாக எடுப்பது), அடுத்து டிகோட், அதற்குப் பிறகுதான் வால்யூம், ஈக்வலைசர் எல்லாம்.

ரிப் செய்ய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் செக்யூர் முறையைத் தேர்ந்தெடுங்கள். நார்மலைஸ் தேர்வு அணைந்திருக்கட்டும். ஆக்யுரேட்ரிப் (மற்றவர்கள் எடுத்த ரிப்களின் தரவுத்தளம்) ஒப்பீடு பொருந்தினால் அந்தத் தடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பொருந்தாவிட்டால் இருமுறை படித்து இரண்டு சி.ஆர்.சி. (சரிபார்ப்பு) எண்களும் ஒன்றா என்று பாருங்கள். ஃபிளாக் என்ற இழப்பில்லாக் கோப்பு வகையில் சேமித்தால் ஒரு பிட்டும் போகாது.

அடுத்து டிகோட். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு ஃபில்டர் உண்டு. ஃபூபார் 2000 என்ற பிளேயர் மென்பொருளுக்குத் தனிக் கூறு கிடைக்கிறது. எஃப்.எஃப்.எம்பெக் வேலை முடிந்ததும் ஒரு அறிக்கை தரும்: எச்.டி.சி.டி. இருக்கிறதா, உச்ச விரிப்பு இயங்கியதா, அதிகபட்ச கெயின் (சத்த அளவு) மாற்றம் எத்தனை டெசிபெல், பிழைகள் எத்தனை என்று. பலரும் தவறவிடுவது இந்தப் பிழைக் கணக்கைத்தான். அது பூஜ்யமாக இல்லையென்றால், கோப்பு வழியில் எங்கோ கைபட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். வட்டிலிருந்து மறுபடி ரிப் செய்யுங்கள். உச்ச விரிப்பும் இல்லை, கெயின் மாற்றமும் 0 என்று வந்தால், முத்திரை இருந்தும் டிகோட் செய்து பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட வட்டுகள் நிறையவே உண்டு.

இதில் ஒரு பொறி. ஃபில்டர் தருவது 20 பிட் விளைவு. ஆனால் வேவ் கோப்பாகச் சேமிக்கும்போது மென்பொருள் தானாக 16 பிட்டுக்கே வெட்டிவிடும். 24 பிட் என்று நீங்களே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் செய்த வேலையில் பாதி வீண்.

டிகோட் ஆன கோப்பு மூலத்தைவிட 6 டெசிபெல் சத்தம் குறைவாகப் பாடும். விரிந்த உச்சங்களுக்கு இடம் வேண்டுமே. உடனே மாற்றி மாற்றிக் கேட்டால் சத்தம் கூடிய பழைய கோப்பே "உயிரோட்டமாக" இருக்கிறது என்று காது சொல்லும். ஒப்பிடுவதற்கு முன் சத்தத்தை 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்துங்கள். இரண்டு டி.ஏ.சி.க்களை ஒப்பிடும்போதும் இதே விதிதான்: 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, வெளியீட்டு வோல்டேஜை மல்டிமீட்டரில் அளங்கள். 2 வோல்ட்டில் 0.1 டெசிபெல் என்பது சுமார் 23 மில்லிவோல்ட். வழக்கமாகச் சொல்லப்படும் 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர்கள் பல அந்த அலைவெண்ணில் சரியாகக் காட்டாது. பிறகு ஏ.பி.எக்ஸ். முறையில், எது எதென்று தெரியாமல் கேளுங்கள்.

கணினியிலிருந்து டி.ஏ.சி.க்கு பிட் மாறாமல் போகிறதா? விண்டோஸில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஆசியோ (விண்டோஸின் ஒலிக்கலப்பானைத் தாண்டிப் போகும் வழிகள்) தேர்ந்தெடுத்து, மென்பொருள் வால்யூமை 100-இல் வையுங்கள். சோதிக்க எளிய வழி: எச்.டி.சி.டி. விளக்கு உள்ள பழைய டி.ஏ.சி. கிடைத்தால், டிகோட் செய்யாத கோப்பை அதற்கு அனுப்புங்கள். விளக்கு எரிந்தால் பாதை சுத்தம். டி.டி.எஸ். (பல சேனல் ஒலியைக் குறியீடாக்கிப் பதிந்த) சிடியை ரிசீவருக்கு அனுப்பியும் பார்க்கலாம். பிட் மாறினால் இசைக்குப் பதில் காதைப் பிளக்கும் இரைச்சல் வரும். பெருக்கியின் வால்யூமை அடிமட்டத்தில் வைத்துவிட்டே தொடங்குங்கள், இல்லையென்றால் ட்வீட்டர் (உயர் ஒலிக்கான ஸ்பீக்கர்) போய்விடும்.

சத்தமாக மாஸ்டர் செய்த சிடிகளில் வேறொரு சிக்கல். சாம்பிள்கள் (அலையின் அளவைப் பதிந்த எண்கள்) டிஜிட்டல் உச்சமான 0 டெசிபெல்லைத் தொட்டு நிற்கும்போது, அவற்றுக்கு இடையில் உருவாகும் அலை அதையும் தாண்டும், டி.ஏ.சி.யின் ஓவர்சாம்பிளிங் (சாம்பிள்களுக்கு இடையில் புதியவற்றைக் கணித்து நிரப்பும்) ஃபில்டரில் இடமில்லாவிட்டால் அங்கே வெட்டுப்படும். 24 பிட் வெளியீட்டில் 3 அல்லது 4 டெசிபெல் டிஜிட்டலாகக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். டிகோட் முடிந்த பிறகு இந்தக் குறைப்பால் நஷ்டம் ஏதுமில்லை. ஓவர்சாம்பிளிங்கே இல்லாத டி.ஏ.சி.யில் 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்குச் சற்று அதிகமாகவே சரியும். அந்த 'மென்மை'க்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சரிவுதான்.

1980களின் சில வட்டுகள் ரிப் செய்தபின் மெலிந்து, கூர்மையாகக் கேட்கும். டி.ஏ.சி.யைக் குறை சொல்லும் முன் கியூ கோப்பில் (ரிப்போடு வரும் தட விவரக் கோப்பு) பிரீ-எம்ஃபசிஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 50/15 மைக்ரோவினாடி வளைவில் உயர் அலைகளைத் தூக்கிப் பதிந்து, பிளேயர் இறக்கிக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். ஃபிளாக் கோப்பைப் பாடும் மென்பொருளுக்கு இது தெரியாது. சாக்ஸ் மென்பொருளில் உள்ள டீ-எம்ஃபசிஸ் விளைவை 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே, 24 பிட் வெளியீட்டுடன் போடுங்கள். சில வட்டுகளில் குறி உள்ளடக்க அட்டவணையில் இல்லாமல் துணைக்குறியீட்டில் (பாட்டுத் தரவோடு கூடவே ஓடும் கூடுதல் தகவல்) மட்டும் இருக்கும். அதையும் படிக்கும் மென்பொருள் வேண்டும்.

ஹைப்ரிட் எஸ்.ஏ.சி.டி. (சிடி அடுக்கும் உயர்தர அடுக்கும் சேர்ந்த) வட்டைக் கணினியில் போட்டால் சிடி அடுக்கு மட்டுமே கிடைக்கும். 2.8224 மெகாஹெர்ட்ஸ் ஒரு-பிட் அடுக்கைச் சாதாரண டிரைவ் பார்க்கவே பார்க்காது.

கடைசியாக எஸ்.எச்.எம். வகையறா. சாதாரண வட்டையும் அதையும் ரிப் செய்து, ஒலி எடிட்டரில் சாம்பிள் கணக்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டவைத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். இரண்டு அச்சுகளுக்கும் சில நூறு சாம்பிள் இடைவெளி இருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் முடிவுக்கு வராதீர்கள். முழு மௌனம் வந்தால் இரண்டும் ஒரே தரவு. ஏதாவது மிஞ்சினால் மாஸ்டரிங் வேறு. கூடுதல் விலை கொடுப்பதானால் அதற்காகக் கொடுக்கலாம்.