கடுக்காய் ஊறாத நூலில் சாயம் நிற்காது

இயற்கைச் சாயம் வெளுத்துப்போகும் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, "நூலை எப்படி வேக வைத்தீர்கள்?" என்றுதான். பருத்தியில் நிறம் நிற்பதும் நிற்காததும் சாயச் சட்டிக்கு வருமுன்பே பாதி முடிவாகிவிடும்.

1 கிலோ பருத்திச் சிட்டத்துக்கு, அதாவது சுற்றிக் கட்டிய நூலுக்கு, கணக்குச் சொல்கிறேன். 40 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். பருத்தியில் இயல்பாகவே இருக்கும் மெழுகும் எண்ணெயும் பழுப்பாக இறங்கும். அலசிய நூலைக் காயவைத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி வேக வையுங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

அடுத்தது கடுக்காய். கொட்டையை நீக்கிவிடுங்கள், துவர்ப்பெல்லாம் சதையில்தான். தூளாக 200 கிராம் எடுத்து, வெந்நீரில் கலக்கி, நூலை ஓர் இரவு ஊறப்போடுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியென்றால் நூல் கறுத்துவிடும். ஊறியதைப் பிழிந்து அப்படியே காயவையுங்கள், அலசக் கூடாது. வெண்ணெய் நிறம் வந்திருக்கும்.

பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தாமே பற்றிக்கொள்ளும். பருத்திக்கு அந்தப் பிடிப்புக் குறைவு. கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடிக்க, படிகாரம் சாயத்தைப் பிடிக்கும். 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து இன்னோர் இரவு ஊறவைத்து, காயவைத்து, லேசாக அலசுங்கள்.

இனிச் சாயம். பழச்சாறுக் கடையில் கேட்டால் மாதுளைத் தோல் சும்மாவே கிடைக்கும். காய்ந்த தோல் அரைக் கிலோவை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, நனைத்த நூலை அதில் இறக்குங்கள். தளதளவெனக் கொதிக்க விடாமல் சிறு தீயில் முக்கால் மணி நேரம், திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் மேலே மிதந்தால் திட்டுத் திட்டாகிவிடும். நல்ல மஞ்சள் வரும்.

பாசிப்பச்சை வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பை வாங்குங்கள். 10 கிராம் போதும். தனி வாளியில் கரைத்து, சாயமேறிய நூலைச் சில நிமிடம் முக்கி எடுங்கள். கண்ணெதிரே நிறம் மாறும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது. ஆசையில் அளவைக் கூட்டாதீர்கள், இரும்புச்சத்து மிஞ்சினால் இழை நைந்து தறியில் அறுந்துகொண்டே இருக்கும்.

நிழலில் காயவையுங்கள். துவைக்கப் பூந்திக்கொட்டை நல்லது. இந்தப் பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.