வெஸ்டர்ன் காதல் நாவலில் பழைய மர்மம்: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் வெஸ்டர்ன் நாவல் எழுத உட்கார்ந்தால் தொப்பி, துப்பாக்கி, சலூன் எல்லாம் உடனே வந்துவிடும். ஆண்டுதான் வராது. ‘1800களின் பிற்பகுதி’ என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்குவதே பாதிச் சறுக்கல்களுக்குக் காரணம். காதலோடு ஒரு பழைய மர்மமும் சேர்ந்தால் ஓர் ஆண்டு போதாது. குற்றம் நடந்த ஆண்டு, காதல் நடக்கும் ஆண்டு என இரண்டு வேண்டும். நல்ல துப்புகள் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன.

அமெரிக்காவின் மேற்கிலுள்ள வயோமிங்கில் ஒரு கதை என்று வைத்துக்கொள்வோம். 1876இல் நிலம் பதிவு செய்த கையோடு ஒருவர் காணாமல் போகிறார். 1888இல் மகள் தேடி வருகிறாள். பலரும் இந்த இடத்தில் பரணிலிருந்து ஒரு டைரியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அல்லது சாகக் கிடக்கும் கிழவர் மொத்தக் கதையையும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவார். அப்புறம் நாயகிக்கு என்ன வேலை?

அந்தக் காலத்துச் சட்டத்தைத் தோண்டினால் இதைவிட நல்ல சரக்கு கிடைக்கும். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் பட்டா கிடைக்கும். பட்டா கேட்பவர் தன் சாட்சிகளின் பெயரோடு பக்கத்துப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 1879இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆக, 1876இல் காணாமல் போனவர் பெயரில் 1881இல் யாரோ ஆள்மாறாட்டம் செய்து பட்டா வாங்கியிருந்தால், பழைய பத்திரிகைக் கட்டில் சாட்சிகள் பெயர் அச்சாகியிருக்கும். அதில் ஒருவர் நாயகனின் சித்தப்பா என்று வையுங்கள், காதலும் மர்மமும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொள்ளும்.

இந்த முடிச்சு விழாத நாவல்களே அதிகம். ஓர் அத்தியாயம் விசாரணை, அடுத்தது காதல் என்று மாறி மாறிப் போகும். மர்மத்தை உருவிப் போட்டாலும் காதல் பாட்டுக்கு நடக்கும். துப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இதனால் இருவருக்கும் இடையில் என்ன மாறியது’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் வராத துப்பை வெட்டிவிடலாம். காதலர்களைப் பிரித்து வைக்க அற்பச் சந்தேகங்களும் தேவையில்லை, சட்டமே போதும். 21 வயது நிரம்பிய மணமாகாத பெண் தன் பெயரில் நிலம் எடுக்கலாம், கணவனோடு வாழும் மனைவி பொதுவாக எடுக்க முடியாது. இருவரிடமும் தனித்தனி நிலம் இருந்தால், கல்யாணத்துக்குப் பின் இரண்டு இடத்திலும் குடியிருப்பதாக எப்படிக் காட்டுவது?

விசாரணை முறையில் அடிக்கடி வரும் தவறு கைரேகை. அமெரிக்கப் போலீஸ் அதைக் கையில் எடுத்தது 1900க்குப் பிறகு. மனித ரத்தமா, மாட்டு ரத்தமா என்று பிரிக்கும் சோதனை 1901இல்தான் வந்தது. ஆர்சனிக் விஷத்தைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை மட்டும் 1836இலேயே உண்டு.

நேரம் இன்னும் சுவாரசியமானது. ரயில் கம்பெனிகள் பொது நேரத்துக்கு மாறிய 1883 நவம்பர் 18 வரை ஒவ்வோர் ஊரும் தன் சூரிய நேரப்படி கடிகாரம் வைத்துக்கொண்டது. ரயில் கம்பெனிகள் வேறோர் ஊரின் நேரத்தில் வண்டி ஓட்டின. வயோமிங்கின் செயென் நகருக்கும் கிழக்கே நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்கும் சுமார் 35 நிமிட வித்தியாசம். 1876இல் ஒருவன் ‘ஆறு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தேன்’ என்று சொன்னால், எந்தக் கடிகாரப்படி? 1888இல் அந்த வாக்குமூலத்தைப் படிப்பவளுக்கு இந்தக் கேள்வி சட்டென்று தோன்றாது. தோன்றும் இடம்தான் உங்கள் திருப்பம்.

டின்டைப் (உலோகத் தகட்டில் நேரடியாக எடுக்கும் அந்தக் காலப் படம்) போட்டோ இடவலம் மாறித்தான் விழும். பிரபல கொள்ளைக்காரன் பில்லி த கிட் இடக்கைக்காரன் என்று பல காலம் நம்பியதற்கு அப்படிப்பட்ட ஒரு படம்தான் காரணம். அதில் வின்செஸ்டர் துப்பாக்கியின் தோட்டா போடும் வாய் தப்பான பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் குட்டு வெளிப்பட்டது. தழும்பு, மோதிரம், துப்பாக்கி உறை எதையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

குதிரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஒரே குதிரையில் ஒரு நாளைக்கு 30, 40 மைல். இரவு முழுக்க நாலுகால் பாய்ச்சலில் ஓட்டினால் விடியும்போது குதிரை இருக்காது. ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும், தற்செயலாக வெடிக்காமலிருக்க ஐந்தில் மட்டும் தோட்டா போடுவது வழக்கம். கரிமருந்துப் புகையில் இரண்டு மூன்று வெடிக்குப் பின் எதிரியே தெரியாது.

கடைசி அத்தியாயத்தில் ஷெரிஃப் வந்து குற்றவாளியைப் பிடித்துப் போவதோடு முடிப்பது எளிது, நம்புவதுதான் கஷ்டம். ஷெரிஃப், அதாவது உள்ளூர்ச் சட்ட அதிகாரி, கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். பெரிய பண்ணைக்காரரைப் பகைத்தால் அடுத்த தேர்தல் அம்பேல். அதே வயோமிங்கில் 1885 செப்டம்பர் 2 அன்று ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளூர் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் ஊர்க்காரர் குழு) ஒருவர் மீதும் குற்றம் சாட்டவில்லை. மூன்றே ஆண்டு கழித்து வரும் உங்கள் நாயகியின் ஆதாரத்தைப் பார்க்கப்போவதும் அப்படியொரு ஜூரிதான். அதில் சித்தப்பாவின் நண்பர்கள் இருந்தால் அவள் என்ன செய்வாள், நாயகன் யார் பக்கம் நிற்பான் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். காதல் நாவல் வாசகர் சுபமான முடிவை எதிர்பார்ப்பார். சித்தப்பா தண்டனை பெறாமலும் அது சாத்தியம்.