கோதுமையை விட்டாச்சு, வயிறு மட்டும் ஏன் இன்னும் சரியாகலை?

மதுரையில் இருந்துகொண்டு கோதுமையை விடுவதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் பருத்திப்பால், ராத்திரி தோசை. இதில் கோதுமை எங்கே வருகிறது? கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளுட்டன் என்ற புரதம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட வீடுகளில் முதல் மாதம் இந்தத் தைரியத்தில்தான் ஓடும். சப்பாத்தி, புரோட்டா, பிரெட் மூன்றையும் நிறுத்திவிட்டு அத்தோடு முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்காது, எடை ஏறாது, ரத்தச்சோகை எந்த மாத்திரைக்கும் மசியாது. அடுத்து டாக்டர் மேலேயே சந்தேகம் வரும்.

என் தங்கை மகளுக்கு சீலியாக் நோய், குளுட்டன் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைக் கெடுத்துக்கொள்ளும் நோய் அது. அவளுக்காக வீட்டு அடுப்படியில் பழகியதும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பவை. நான் மருத்துவர் இல்லை. மாத்திரை விஷயம் எதையும் இதில் தேட வேண்டாம்.

சோதனைக்கு முன்பே நிறுத்திவிடுவது

கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்றதும் பலர் தாங்களாகவே அதை நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போனால் 'ஒன்றுமில்லை' என்று வருகிறது. டிடிஜி-ஐஜிஏ என்ற அந்தச் சோதனை தேடுவது, குளுட்டன் உள்ளே போகப்போக உடம்பு தனக்கு எதிராகவே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருளை. குளுட்டன் நின்றால் அதுவும் குறைந்துகொண்டே போகும். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பதற்கும் இதே கதைதான், குடல் ஆறத் தொடங்கியிருந்தால் நோய் பிடிபடாது. ஆகவே சோதனை முடியும்வரை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். முன்பே நிறுத்திவிட்டவர்கள் மறுபடி எவ்வளவு, எத்தனை வாரம் சாப்பிட்டுவிட்டு வருவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என்ன நோய் என்று தெரியாமல் எவ்வளவு கண்டிப்பாக இருப்பது என்றும் தெரியாது. சீலியாக் என்றால் துளிக் கோதுமையும் கூடாது, ஆயுசுக்கும் கூடாது. கோதுமை அலர்ஜி வேறு. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரலாம், அதற்கான மருத்துவமும் வேறு. இன்னும் சிலருக்குக் குளுட்டனே பிரச்சினை இல்லை. கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் வயிற்றை ஊதவைக்கிறது. அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. இப்படிப்பட்டவர் புரோட்டாவை விட்டுவிட்டுச் சின்ன வெங்காய சாம்பாரை மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டால் வயிறு எப்படி அடங்கும்?

'இது வடக்கத்திக்காரங்க வியாதி' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். முழுப் பொய்யும் இல்லை. 2016-இல் வந்த ஓர் ஆய்வில் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினருக்கும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினருக்கும் சீலியாக் இருப்பதாகக் கண்டார்கள். அதாவது இங்கே ஆயிரத்தில் ஒருவர். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கை அப்படியே போட்டால் மூவாயிரம் பேர்.

எது கோதுமை என்றே தெரியாமல் இருப்பது

மைதா மரவள்ளிக் கிழங்கு மாவு என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். உப்புமாவும் கேசரியும் ரவா தோசையும் அந்தக் கணக்கில்தான் வரும். சீரகச் சம்பா அரிசி, பயப்படாமல் சாப்பிடலாம். சம்பா ரவை உடைத்த கோதுமை, தொடவே கூடாது. 'நாட்டுக் கோதுமை, பழைய ரகம், ஒன்றும் செய்யாது' என்று இயற்கை அங்காடியில் சொன்னாலும் நம்ப வேண்டாம். பழைய ரகத்திலும் குளுட்டன் இருக்கிறது.

பார்லியை ஏனோ மறந்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் நீர்க்கடுப்பு என்றால் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். சீலியாக் உள்ளவருக்கு அது மருந்தாகாது. பாலில் கலக்கும் மால்ட் பொடிகளிலும் பெரும்பாலும் பார்லி மால்ட்தான், சிலவற்றில் கோதுமையும் சேர்ந்திருக்கும். கூடுதலாக ஒரு தகவல், பீரும் பார்லியில் வடிப்பதுதான். ஓட்ஸில் இருக்கும் புரதம் வேறு, பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் சாதாரண ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. குளுட்டன் ஃப்ரீ என்று போட்ட ஓட்ஸாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மணியாக வாங்காமல் மாவாக வாங்குவது

அரிசி, கேப்பை, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளுட்டன் கிடையாது. பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியில் குதிரைவாலி விளைகிற ஊர் நம் ஊர். தானியத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரச்சினை தானியத்தில் இல்லை, அது வந்த வழியில் இருக்கிறது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதற்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

தெருமுனை மாவு மில்லில் காலை பத்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். வாளியும் எவர்சில்வர் தூக்கும் வரிசையில் நிற்கும். முன்னால் வந்தவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டு அப்போதுதான் போயிருப்பார். மாவு விழும் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயை மில்காரர் படபடவென்று தட்டுவார். தட்டத் தட்ட உதிரும், போதும் என்று நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால் மறுபடியும் உதிரும். "ரெண்டு கை அரிசியப் போட்டு ஓட்டிட்டா சுத்தமாயிரும்க்கா" என்பார். மிளகாய்ப்பொடி நெடி போவதற்கு அது போதும். சீலியாக்குக்குப் போதாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளுட்டன். மிஷினில் தங்கிய கோதுமை மாவு ஐந்தே கிராம் என்று வைத்துக்கொள்வோம், ரெண்டு டீஸ்பூன்கூட தாண்டாது. அதில் குளுட்டன் 500 மில்லிகிராம். அது நம்முடைய ரெண்டு கிலோ அரிசி மாவில் கலந்தால் கிலோவுக்கு 250 மில்லிகிராம். 'குளுட்டன் ஃப்ரீ' என்று பாக்கெட்டில் போட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். பன்னிரண்டு மடங்கு தாண்டிவிட்டது, மாவு என்னவோ சுத்த அரிசி மாவு போலத்தான் இருக்கும்.

மணியாக வாங்கினால் இந்த வம்பு பாதிக்குமேல் ஒழியும். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் மூட்டைகள் வாய்திறந்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே அள்ளுகரண்டி. "பிரிக்காத மூட்டையில இருந்து குடுங்கண்ணே" என்று கேட்டால் கொடுக்கத்தான் செய்கிறார்கள், முதல் தடவை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் பரப்பிப் பாருங்கள். சாமைக்கும் தினைக்கும் நடுவில் கோதுமை மணி கிடந்தால் பளிச்சென்று தெரியும், அதன் அளவும் நடுவில் ஓடும் கோடும் காட்டிக்கொடுத்துவிடும். பொறுக்கிப் போட்டு, ரெண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசினால் ஒட்டிய தூசியும் போகும். மாவில் இதில் எதையும் செய்ய முடியாது.

நல்லவேளையாக நம் சமையல் மாவை நம்பி இல்லை. இட்லி, தோசை, ஆப்பம், பணியாரம், அடை எல்லாம் ஊறவைத்துக் கிரைண்டரில் அரைப்பவை. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும்தான் மாவு வேண்டும். பச்சரிசியை அலசி, நிழலில் உலர்த்தி மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம். சல்லடை மட்டும் புதிதாக ஒன்று வாங்குங்கள், மைதா சலித்த சல்லடையின் கண்ணில் இருப்பது கழுவினாலும் லேசில் போகாது.

பாக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். ராகி சேமியா, கம்பு நூடுல்ஸ், தினை பிஸ்கட் என்று முன்பக்கம் போட்டிருக்கும், பின்பக்கம் திருப்பினால் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ எட்டிப்பார்க்கும். எது அதிகமோ அதைத்தான் அந்தப் பட்டியலில் முதலில் எழுதுவார்கள். சத்துமாவிலும் மல்டிகிரெய்ன் மாவிலும் கோதுமை இல்லாதது அபூர்வம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டு.

பெருங்காய டப்பா

தமிழ்நாட்டு அடுப்படியில் கோதுமை ஒளிந்திருக்கும் இடம் இதுதான். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயத்தின் காட்டத்தைக் குறைக்கக் கோந்தும் மாவும் சேர்த்திருப்பார்கள், அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா. தூளில் மட்டும் இல்லை, கட்டியிலும் சேர்ப்பது உண்டு. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், முறுக்கு, எதில்தான் பெருங்காயம் இல்லை? அரைக் கிராம் தூளில் பாதி மைதா என்றாலே 25 மில்லிகிராம் குளுட்டன். குடும்பத்துக்கே வைத்த ரசத்தில் தலைக்கு ஐந்து மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு நாளில் பெருங்காயம் எத்தனை பாத்திரத்தில் விழுகிறது என்று எண்ணிப்பாருங்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் தொடர்ந்து போனாலே குடல் சுவர் கெடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்கினால் போதும். கிடைக்காத நாளில் பெருங்காயம் போடாமலே ரசம் வைக்கலாம், சீரகமும் பூண்டும் பார்த்துக்கொள்ளும்.

கல்லைப் பார்க்காமல் தோசை சொல்வது

ராத்திரிக் கடையில் கறிதோசை சொல்கிறோம். மாவு அரிசியும் உளுந்தும், மேலே ஆட்டுக்கறி, பெயருக்குக்கூடக் கோதுமை இல்லை. ஆனால் அந்தக் கல்லில் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் கொத்து புரோட்டா கொத்தியிருப்பார்கள். மாஸ்டர் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அதே கல்லில் தோசை ஊற்றுவார், அதே திருப்பியால் எடுப்பார். சூட்டில் செத்துப்போகக் குளுட்டன் ஒன்றும் கிருமி இல்லை, எவ்வளவு காய்ந்த கல்லானாலும் அது அப்படியேதான் இருக்கும். தோசையை விட்டுவிட்டு ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம் என்று போவதுதான் வெளியில் கொஞ்சம் நிம்மதி. சால்னாவிலும் குருமாவிலும் கெட்டிப்படுத்த மாவு கரைத்து ஊற்றும் கடைகள் உண்டு. "மைதா கரைச்சு ஊத்துவீங்களாண்ணே?" என்று நேராகக் கேட்டுவிடுவதே நல்லது.

வடைச்சட்டிக்கும் இதே பாடுதான். உளுந்த வடையில் கோதுமை இல்லை, ஆனால் சமோசாவும் மைதா சேர்த்த போண்டாவும் வெந்த எண்ணெயில் அது வேகிறது. ஃப்ரைடு ரைஸில் அரிசியால் தொல்லை இல்லை, சோயா சாஸால்தான் தொல்லை. சாதாரண சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. கல்யாணப் பந்தியில் இலையில் கேசரி விழுந்துவிட்டால் சத்தம் போடாமல் இலையை மாற்றச் சொல்லுங்கள். தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமைதான், பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் குளுட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்கு வழி உண்டு.

குணமாகிவிட்டது என்று நினைப்பது

ஒரு வருஷம் பத்தியம் இருந்து உடம்பு தேறியதும், "இனிக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கிவிடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தத் தவறைப் பெரிய மருத்துவர்களே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1924-இல் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துத் தேற்றினார். தேற்றியது வாழைப்பழம் என்றே நம்பினார்கள், கோதுமை இல்லாததுதான் காரணம் என்பது அப்போது தெரியவில்லை. அதனால் தேறியதும் குணமாகிவிட்டது என்று கோதுமையைத் திரும்பக் கொடுத்தார்கள். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு ரொட்டி மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது தேறிய குழந்தைகள், ரொட்டி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950-இல் தன் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை அவர் எழுதிவைத்தார். இந்த நோய்க்குப் பத்தியம்தான் மருந்து, நடுவில் நிறுத்த முடியாது.

பத்தியம் என்று சொல்லி மூன்று வேளையும் வெள்ளைச் சோறாகவே போடுவதும் சரியில்லை. குடல் கெட்டிருந்த காலத்தில் இரும்பு, ஃபோலேட், கால்சியம் எல்லாம் வற்றியிருக்கும். கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, களியோ கூழோ அடையோ வாரத்தில் சில நாள் இருக்கட்டும். ஒரேயடியாகச் சிறுதானியத்துக்குத் தாவ வேண்டாம். நார்ச்சத்து திடீரென்று கூடினால் யார் வயிறும் உப்பும், அதையும் குளுட்டன் கணக்கில் எழுதிவிட்டுத் தினையையும் சாமையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவைப்பார்கள். புதுத் தானியம் ஒன்றைச் சேர்த்தால் நான்கைந்து நாள் விட்டு அடுத்ததைச் சேர்ப்பது நல்லது.

ஆறு மாதம், ஒரு வருஷம் என்று டாக்டர் சொல்லும் நாளில் டிடிஜி ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பத்தியம் சரியாக இருந்தால் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். இறங்கவில்லை என்றால் சாப்பிட்டது, வாங்கியது, அரைத்த இடம் எல்லாவற்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டலாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் யார் டிபன் பாக்ஸில் கைவைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், திட்டாமல் கேட்டால் சொல்லிவிடும்.