பழைய ஷட்டரில் பிளாஷ் இணைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனிச் நகரின் ஃபிரீட்ரிக் டெக்கல் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த காம்பர் ஷட்டர் (லென்ஸினுள் மெல்லிய இதழ்கள் விரிந்து மூடி ஒளியை உள்ளே விடும் அமைப்பு), பெரிய ஃபிலிம் தாள்களில் படமெடுக்கும் பெரிய ஃபார்மட் கேமராக்களில் இன்றும் உழைக்கிறது. ஆனால் தொடக்ககால மாடல்களில் பிளாஷ் இணைப்பு கிடையாது. அதைச் சேர்க்க முனைபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, மின்சுற்றை மூடி பிளாஷைத் தூண்டும் தொடுமுனையை எங்கே வைப்பது என்பதில்தான்.

ஷட்டரை இயக்க அழுத்தும் நெம்புகோல் வெளியே கைக்கு எட்டுவதால் பலர் அதிலேயே பொருத்திவிடுகிறார்கள். அது அசையும் கணத்தில் இதழ்கள் விரியத் தொடங்கியே இருக்காது. இதழ்கள் முழுதாக விரியச் சில மில்லி வினாடிகள் வேண்டும். எலெக்ட்ரானிக் பிளாஷோ ஒரு மில்லி வினாடி அளவிலேயே மின்னி ஓய்ந்துவிடும். விளைவு, ஃபிலிமில் பிளாஷ் வெளிச்சம் பதியாது, அல்லது அரைகுறையாகப் பதியும். இதழ்களை இயக்கும் வளையம் தன் ஓட்டத்தின் கடைசி எல்லையைத் தொடும் இடமே சரியான இடம்.

அங்கே தொடுமுனையாக வைக்கும் உலோகப் பட்டையும் மெல்லியதாக, எளிதில் வளைவதாக இருக்கட்டும். விறைப்பான பட்டை வளையத்தின் வேகத்தை உறிஞ்சி, 1/250 வினாடியைக் கெடுத்துவிடும். ஷட்டரின் உடல் முழுதும் உலோகம் என்பதால், பட்டையை அதிலிருந்து காப்பிட்டுப் பிரித்தாக வேண்டும்.

பல்சக்கரங்களைக் கழற்றாமல் உறையில் துளையிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. ஒரு சின்னப் பித்தளைத் துகள் போதும், மெதுவான வேகங்கள் நின்றுபோக. லென்ஸ் கண்ணாடிகளையும் முதலில் கழற்றி எடுத்துவைத்துவிடுங்கள்.

சற்றுத் தாமதமாகவே முழுதாக ஒளிரும் பழைய பிளாஷ் பல்புக்கான எம் (M) முறையில், இதழ்கள் முழுதாக விரிவதற்குச் சுமார் 20 மில்லி வினாடி முன்பே மின்னிணைப்பு ஏற்படும். எலெக்ட்ரானிக் பிளாஷுக்கு அது ஆகாது. பழைய பிளாஷ்கள் சிலவற்றில் தூண்டு மின்னழுத்தம், அதாவது தொடுமுனைக்கு வரும் மின்னழுத்தம், 200 வோல்ட்டைத் தாண்டும். தொடுமுனை கருகும், கையிலும் அதிர்ச்சி தாக்கும். இடையில் ரேடியோ டிரிக்கர் (கம்பியில்லாமல் பிளாஷை இயக்கும் கருவி) வைத்தால் ஷட்டருக்கு வருவது சில வோல்ட் மட்டுமே.

பிளாஷ் மின்னியது என்பதற்காக வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, வெள்ளைச் சுவரை நோக்கிக் கேமராவை வைத்து, பின்பக்கத்திலிருந்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். மின்னும்போது முழு வட்டம் தெரிய வேண்டும். இதழ்களின் நுனி தெரிந்தால் பட்டையை நகர்த்த வேண்டும். இதை எல்லா வேகத்திலும், குறிப்பாக உச்ச வேகத்தில், செய்து பார்க்க வேண்டும்.

அசையாப் பொருள்களை மட்டுமே எடுப்பவருக்கு இந்த வேலையே தேவையில்லை. அறையை இருட்டாக்கி, ஷட்டரை பி (B) நிலையில், அதாவது அழுத்தியிருக்கும் வரை மூடாத நிலையில், திறந்துவைத்து, பிளாஷைக் கையால் இயக்கிவிட்டு மூடினால் படம் தயார்.