பாஸ்டர் ஐயாவின் கதையை எழுதப் போகிறீர்களா? முதலில் பாஸ்டரம்மாவிடம் போங்கள்

எங்கள் சபையின் மூத்த பாஸ்டர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, அடக்க ஆராதனையில் வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தவர். உட்கார்ந்து எழுதினால் முக்கால் பக்கம்தான் வந்தது. பிறந்தார், இரட்சிக்கப்பட்டார், பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றார், முழு நேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார், அநேக ஆத்துமாக்களை ஆதாயப்படுத்தினார். அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பாஸ்டர் பெயரைப் போட்டாலும் அச்சாகப் பொருந்தும். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் நான்கு பேருடைய கதையை அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதினேன்: இரண்டு ஊழியக்காரர்கள், வடக்கே மிஷனெரியாகப் போய்த் திரும்பிய ஒரு சகோதரி, சபையில் கடைசி வரிசைப் பாயில் உட்காரும் ஒரு பீடித் தொழிலாளி அம்மா. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெந்தெகொஸ்தே ஆட்களிடம் கதை கேட்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இவர்களில் கதை சொல்லத் தெரியாதவரே கிடையாது. வருடக் கடைசி ஆராதனை, உபவாசக் கூட்டம், வீட்டு ஜெபம் என்று முப்பது நாற்பது வருடமாகச் சாட்சி சொல்லிச் சொல்லி, அது ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். குடி அல்லது தீராத வியாதி, ஒரு கூட்டத்துக்கு யாரோ கூப்பிட்டது, கண்ணீர், முழுக்கு ஞானஸ்நானம், அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து, கற்காத மொழியில் பேசுவது), ஊழியத்துக்கு அழைப்பு. அந்த வரிசை பிசகாது. முதல் சந்திப்பில் அதைத் தடுக்காதீர்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு நடுவில் வைத்துவிட்டு முழுசாகச் சொல்ல விடுங்கள், நடுவில் அரை மணி நேரம் உங்களுக்கே பிரசங்கம் பண்ணுவார்கள், பண்ணட்டும், கடைசியில் ஜெபமும் பண்ணி அனுப்புவார்கள். உங்கள் வேலை இரண்டாவது சந்திப்பில்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது முறை போகும்போது கையில் ஒரே ஒரு விதி இருந்தால் போதும். அவர்கள் "கர்த்தர் நடத்தினார்", "கர்த்தர் போஷித்தார்" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும், யார் கையால் என்று கேளுங்கள். இது அவிசுவாசமான கேள்வி என்று யாராவது முகம் சுளித்தால் 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். எலியா தீர்க்கதரிசியைக் கர்த்தர் போஷித்தார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகவில்லையே. கேரீத் ஆற்றண்டை, காகங்கள், விடியற்காலத்தில் அப்பமும் இறைச்சியும், சாயங்காலத்தில் அப்பமும் இறைச்சியும், அப்புறம் ஆறு வற்றியது, அப்புறம் சாறிபாத்தில் ஒரு விதவை, பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். வேதத்தை எழுதியவர் காகத்தையும் விடவில்லை, பானையையும் விடவில்லை. நம்முடைய ஊழியச் சரித்திரங்களில் மட்டும் காகங்களைக் காணோம்.

அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது எண்பது வயதுப் பாஸ்டர் ஒருவரிடம். "விசுவாச வாழ்க்கையில ஒரு நாளும் குறைவுபடல தம்பி" என்றார். சம்பளம் இல்லாமல் கர்த்தரையே நம்பி ஊழியம் செய்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் ஐயா என்று கேட்டேன். யோசித்தார். பதில் வரவில்லை. உள்ளே அடுப்படியில் இருந்த அவர் மனைவி, பாஸ்டரம்மா, "அவருக்கு எப்படித் தெரியும், அவர் தெருப் பிரசங்கத்துக்குப் போயிருவாரு, நான்லா பக்கத்து வீட்டுல போய் நின்னேன்" என்றார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சபைக்கே வராதவர்கள், இந்துக் குடும்பம், பதினோரு மாதம் அரிசி கொடுத்திருக்கிறார்கள். ஐயா அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. தலைப்பில் சொன்னது இதனால்தான். ஐயாவிடம் அழைப்பும் தரிசனமும் கிடைக்கும். வாடகை, பால் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், எந்த நகை எந்த வருடம் அடகுக்குப் போனது எல்லாம் அம்மாவிடம்தான். அவர்களிடம் தனியாக, அடுப்படியிலேயே உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுங்கள். நோட்டை மடியில் விரித்துவைத்தால் "நான் என்னத்தைச் சொல்ல" என்று எழுந்துபோய்விடுவார்கள்.

வருடங்களை நேராகக் கேட்காதீர்கள். எனக்குக் கிடைத்த தேதிகளில் பாதி தப்பு. மிஷனெரி சகோதரி தான் முழுக்கு எடுத்தது 1962 என்று அடித்துச் சொன்னார்கள், நானும் எழுதிக்கொண்டேன். வேறொரு நாள் பேச்சுவாக்கில் "தனுஷ்கோடிப் புயலுக்கு மறுவாரம், கடல் இன்னும் கலங்கியே கிடந்தது" என்றார்கள். அந்தப் புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்தது. ஆகவே ஊரெல்லாம் நினைவில் வைத்திருக்கும் சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்: நயா பைசா வந்தபோது (1957) சபை தொடங்கியாகிவிட்டதா, அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி) எந்த ஊரில் இருந்தீர்கள், எமர்ஜென்சி நேரத்தில் தெருக்கூட்டம் நடந்ததா, எம்.ஜி.ஆர். இறந்த அன்று (1987 டிசம்பர் 24) கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எப்படிப் போனீர்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களிடம் 1942 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதை அப்பா அம்மா சொல்லக் கேட்டிருக்கிறார்களா, 1958 கலவரம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1983 ஜூலை என்று கேட்டால் கதை தானாக வரிசைக்கு வரும். எவ்வளவு கேட்டும் தீராத தேதிகள் இருக்கும். இலங்கை பெந்தெகொஸ்தே மிஷன் தொடங்கிய வருடத்தையே 1923 என்று எழுதுகிறவர்களும் உண்டு, 1924 என்று எழுதுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

அடுத்து, வீட்டில் இருக்கும் காகிதங்கள். பழைய வேதாகமத்தின் முன்பக்கத் தாள்தான் முதல் ஆவணம், பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எல்லாம் அங்கே மையில் இருக்கும். பாட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் ஊர்ப் பெயரும் தேதியும் கிறுக்கியிருப்பார்கள். கன்வென்ஷன் நோட்டீஸ், சபைக் கட்டடப் பிரதிஷ்டை அழைப்பிதழ், மணியார்டர் அடிக்கட்டை, இன்லாண்ட் லெட்டர், இடம் வாங்கிய பத்திரம், போட்டோவின் பின்பக்கம். கேசட் இருந்தால் அவசரப்படுங்கள். பூஞ்சை பிடித்த நாடாவை வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்று நினைத்தால் அந்த முதல் ஓட்டத்திலேயே அறுந்துவிடலாம். முதல் முறை போடும்போதே பதிவும் ஓட வேண்டும். நான் ஒரு கேசட்டை இப்படித்தான் இழந்தேன், 1984 கன்வென்ஷன் செய்தி, போனது போனதுதான்.

நம்மில் நிறையப் பேரின் குடும்பங்கள் சி.எஸ்.ஐ.யிலிருந்து (தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து) வந்தவை என்பதை மறக்காதீர்கள். முழுக்கு எடுத்தபிறகு பழைய சபையைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஆனால் குழந்தை ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் அப்பா அம்மா கல்யாணமும் அந்தச் சேகரத்தின் பதிவேட்டில்தான் இருக்கும். மரியாதையாகப் போய்க் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள். தேடும்போது பழைய பெயரையும் கேட்டுக்கொண்டு போங்கள். இலங்கை பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கிய பாஸ்டர் பால் என்பவரே கேரளத்தில் ராமன்குட்டியாகப் பிறந்தவர். சபைக்குள் "சகோதரர் எலியேசர்" என்று எல்லோரும் அறிந்த ஒருவர் ரேஷன் கார்டில் வேறு யாராகவோ இருப்பது நம் பக்கம் சாதாரணம்.

வெளிநாட்டு மிஷனெரியோடு தொடர்பு இருந்தவர் என்றால் இணையத்திலும் தேடலாம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் ஃபிளவர் பெந்தெகொஸ்தே பாரம்பரிய மையம் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறது. பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெங்கும் பரவக் காரணமான லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெரு சபையின் பத்திரிகை, 1906 முதல் 1908 வரை வந்தது, அதையும் வாசிக்கலாம். மிஷனெரிகள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எழுதிய கடிதங்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் நிறைய வரும். ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும், திருநெல்வேலி அங்கே டின்னவெல்லி, திருச்சி டிரிச்சினாபோலி. ஒரு எரிச்சலான விஷயம், நம்மாட்களின் பெயரே பல இடங்களில் இருக்காது. "உள்ளூர் ஊழியர் ஒருவர்", "நமது வேதாகம ஸ்திரீ" என்று போய்விடும். அந்த ஊழியர் யார் என்று ஊருக்குள் விசாரித்துக் கண்டுபிடித்தீர்களானால் அதுவே பெரிய வேலை.

காகிதம் சின்னதாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். புனே பக்கத்தில் கேட்கானில் பண்டித ராமாபாயின் முக்தி மிஷனில் 1905இல் பெண்கள் நடுவே எழுப்புதல் (ஜனங்கள் கூட்டமாக ஆவியில் அனல்கொள்வது) உண்டானது, அசூசா தெருவுக்கு முந்தின வருடம். அங்கே வேலை செய்த மின்னி ஆப்ராம்ஸ் அதைப் பற்றி 1906இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி, கூடப் படித்த தோழிக்குத் தபாலில் அனுப்பினார். அந்தத் தோழி சிலி நாட்டு வால்பரைசோவில் மிஷனெரியாக இருந்த வில்லிஸ் ஹூவரின் மனைவி. சிலியில் 1909இல் பெந்தெகொஸ்தே எழுப்புதல் எழும்பியதற்கு அந்தத் தபாலும் ஒரு காரணம். நம் பக்கத்திலேயே அருளப்பன் இருக்கிறார், 1810 முதல் 1867 வரை வாழ்ந்தவர், பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் நடந்த எழுப்புதலில் ஜனங்கள் அந்நிய பாஷை பேசினார்கள் என்பது இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால் அவர் நாட்குறிப்பும் கடிதமும் எழுதி வைத்ததால்தான். ஆகவே உங்கள் பாஸ்டரிடம் பழைய டைரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெபக் குறிப்பும் காணிக்கைக் கணக்கும்தான் இருக்கிறது என்பார்கள். அதைத்தான் கேட்கிறேன் என்று வாங்கி, அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஜெபத்தில் வியாதி சுகமான சாட்சிகளை எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், ஜிகினா ஒட்டாதீர்கள். யாருக்கு என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், ஜெபித்தபோது அறையில் யார் இருந்தார்கள், எத்தனை நாளில் எழுந்தார். மூன்றாவது நாள் எழுந்து கஞ்சி குடித்தார் என்றால் அப்படியே. "உடனடியாக அற்புத சுகம்" என்று மாற்றினால் சுகமானவரே நம்ப மாட்டார். சுகமானவருடைய பெயரை, குறிப்பாக மனநோய், பிள்ளையில்லாமை, தற்கொலை முயற்சி என்றெல்லாம் வரும் இடத்தில், அவரிடம் கேட்காமல் அச்சில் போடக் கூடாது. மதம் மாறியவர்களின் பெயரும் அப்படியே. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கும் போய்வர வேண்டியவர்கள்.

சுகமாகாத கதைகளும் இருக்கும். சில சபைகளில் மருந்து எடுப்பதில்லை, அதை விசுவாசமாகவே பிடித்து நின்றவர்கள் உண்டு. எனக்குக் கதை சொன்ன இரண்டு ஊழியக்காரர்களில் ஒருவருடைய மூன்றாவது பிள்ளை நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தது. சாட்சியில் அந்தப் பிள்ளை வரவே வராது. பழைய போட்டோவில் ஒரு தலை அதிகமாக இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அன்றைக்குத் தோன்றியது, ஏனென்றால் ஐயா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, "எழுதிக்கோ, மருந்து கொடுக்கலன்னும் எழுது" என்றார். எழுதினேன், மூன்றே வரி, விளக்கமோ தீர்ப்போ சேர்க்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை கேளுங்கள், அதற்கு மேல் தோண்டாதீர்கள்.

சபை பிரிந்த கதையும் சாதிக் கதையும் கண்டிப்பாக வரும். பிரிவினையை நான்கு வரிக்கு மேல் எழுதாதீர்கள், எந்த வருடம், எத்தனை குடும்பம் போனது, இரு பக்கமும் என்ன காரணம் சொன்னார்கள் என்பதோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புத்தகம் வழக்குக் கட்டு ஆகிவிடும். சாதியை மட்டும் மழுப்பாதீர்கள் என்பது என் கட்சி. ஒரே பாயில் உட்கார்ந்து ஆராதித்தார்கள், ஒரே அப்பத்தில் பிட்டார்கள், சரி, கல்யாணம் எப்படி முடித்தார்கள் என்று கேளுங்கள். கதை சொல்பவர் அதை அச்சில் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கேட்காமலே விடக் கூடாது.

எழுதும்போது "ஊழியத்தின் பாதையில் கர்த்தர் அவரை வல்லமையாய் எடுத்துப் பயன்படுத்தினார்" மாதிரி வரிகள் கை தானாக எழுதும். அப்படி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயரோ, தொகையோ, ஆளோ போட முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் அடித்துவிடுங்கள். பேச்சு வழக்கை மேற்கோளுக்குள் அப்படியே விடுங்கள். குரலை எழுத்தாக்கும் செயலியை நம்பாதீர்கள், நான் போட்டுப் பார்த்ததில் அபிஷேகமெல்லாம் கோயில் பாலாபிஷேகமாக வந்து நின்றது. எண்பது, நூறு பக்கம் தாராளம். பாஸ்டருக்கு நூறு பக்கம் என்றால் கடைசி வரிசை அம்மாவுக்கு நாற்பதாவது கொடுங்கள். பீடி சுற்றிக்கொண்டே முப்பத்தாறு வருடம் சபைக்கு ஞாயிறுதோறும் மாவு ஆட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள், ஒரு நோட்டீஸில்கூடப் பெயர் வந்ததில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னவரிடமே போய் முழுசாக வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும் சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும், பக்கத்தில் வீட்டாரும் இருக்கட்டும். எண்பது வயதுப் பாஸ்டருக்கு வாசித்தபோது அவர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே கேட்டார், ஒரு திருத்தமும் சொல்லவில்லை. பாஸ்டரம்மாதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள். பதினோரு மாதமும் அரிசி இல்லையாம். கடைசி மூன்று மாதம் அவர்களுக்கே இல்லாமல் போய், கேப்பைதான் கொடுத்தார்களாம்.