முப்பது படம் வேண்டாம், ஒன்றில் தொடங்குங்கள்

சூப்பர் ஹீரோ படங்களைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த வரிசையில் பார்ப்பது?" என்பதைத்தான். மார்வெல் நிறுவனத்தின் படங்கள் மட்டுமே முப்பதைத் தாண்டிவிட்டன. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் பாதிப் பேர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்குப் படம் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சனிக்கிழமை இரவுகளில், என் பெரியம்மாவோடு உட்கார்ந்து பார்த்துப் பழகிய முறை இது. பெரியம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

முதல் படி: வரிசையை மறந்துவிடுங்கள்

சக்தி கிடைப்பதற்கு முன்னால் அந்த ஆள் யார்? என்ன வேலை செய்கிறான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், வீட்டில் அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள்? இதைத் தெளிவாகச் சொல்லும் படம்தான் தொடக்கத்துக்கு நல்ல படம். இது தெரியாமல் சண்டையைப் பார்த்தால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

முகமூடி, இரட்டை வாழ்க்கை பற்றியெல்லாம் முன்னுரை சொல்ல வேண்டாம். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி எம்.ஜி.ஆர். படம் பார்த்த தலைமுறைக்கு மாறுவேடம் புதிதில்லை. தினமும் இரவு சீரியலில் இருபது பேருடைய கதையைக் குழப்பமில்லாமல் பின்தொடர்கிறவருக்கு பல நாயகர்கள் ஒன்றுசேரும் அவெஞ்சர்ஸ் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் படி: மின்னல் முரளி

2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படம். பேசில் ஜோசப் இயக்கியது. தமிழ்க் குரலிலேயே பார்க்கலாம் என்பதால் மொழித் தொல்லை இல்லை. கதாநாயகன் ஒரு சின்ன ஊர்த் தையல்காரன், எப்படியாவது அமெரிக்கா போய்விட வேண்டும் என்று துடிப்பவன். ஒரே இரவில் அவனையும் இன்னொருவனையும் மின்னல் தாக்குகிறது. அந்த இன்னொருவன்தான் வில்லன் ஷிபு. 'ஜோக்கர்' என்ற தமிழ்ப் படத்தில் நாம் பார்த்த நம் குரு சோமசுந்தரம்தான் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார்.

இந்தப் படத்தில் ஷிபுவைத்தான் கவனிக்கச் சொல்வேன். ஒரு பெண்ணைப் பல வருடம் மனத்தில் சுமந்தவன், ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கியவன். அவனுக்கும் அதே மின்னல், அதே சக்தி. வில்லன்மேல் இரக்கம் வருவதும் அவன் செய்வதை ஏற்க முடியாமல் தவிப்பதும் ஒன்றாக நடந்தால், இந்த வகைப் படங்களின் சுவை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் படி: ஸ்பைடர்மேன் 2

2004-ல் சாம் ரெய்மி இயக்கியது. இரண்டாம் பாகத்தில் தொடங்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். பெயர்கள் ஓடும்போதே அலெக்ஸ் ராஸ் வரைந்த ஓவியங்கள் முதல் பாகத்தின் கதையைச் சொல்லிவிடுகின்றன. என்னைக் கேட்டால், இருபது வருடம் கழித்தும் இதைத் தாண்டிய சூப்பர் ஹீரோ படம் வரவில்லை.

ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டருக்குப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை போய்விடுகிறது. வாடகை பாக்கி. வங்கி அவனுடைய மே அத்தைக்குக் கடன் தர மறுக்கிறது. அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வருகிறது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டே அவர் பீட்டரிடம் பேசும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்தபோது பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தோட்டத்தை விற்றபோது எங்கள் குடும்பமும் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, விட்டு இப்படித்தான் பெட்டி கட்டி வெளியேறியது. நான் படத்தை நிறுத்தி வைத்தேன். பத்து நிமிடம் கழித்து வந்து, "போடுயா" என்றார்.

அப்புறம் அந்த ரயில் காட்சி. ஓடும் ரயிலை உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். முகத்தில் முகமூடி இல்லை. பயணிகள் அவனைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிச் சென்று கிடத்துகிறார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள், ஆனால் யாரிடமும் சொல்வதாக இல்லை. "லயத்து சனங்களும் அப்படித்தான், ஒருத்தன் விஷயத்த வெளிய விடமாட்டாங்க" என்றார் பெரியம்மா. அந்தக் காட்சிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் இந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர்கள் பேசட்டும்.

நான்காம் படி: மொழியைச் சமாளிப்பது

தமிழ்க் குரல் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், மலாய் வசன வரிகளை வேகமாகப் படிக்க முடியாதவருக்கு நீண்ட பேச்சு வரும் முன் படத்தை நிறுத்தி, ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லுங்கள். ஓடும்போது மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தால் நடிப்பைப் பார்க்க முடியாது. நீளமான படத்தை இரண்டு இரவாகப் பிரியுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது மார்வெல்

அயர்ன் மேன் (2008), தோர் (2011), கேப்டன் அமெரிக்காவின் முதல் படம் (2011), பிறகு அவெஞ்சர்ஸ் (2012). நாலே படம். அயர்ன் மேன் முடிந்து பெயர்கள் ஓடி முடியும் வரை உட்காருங்கள். கடைசியில் உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃபியூரி வந்து அடுத்த கதைக்கு விதை போடுவார். சீரியலில் 'தொடரும்' என்று போடுவது போலத்தான் அது.

பிடித்திருந்தால் சிவில் வார் (2016), பிளாக் பாந்தர் (2018), இன்ஃபினிட்டி வார் (2018), எண்ட்கேம் (2019). எண்ட்கேம் மூன்று மணி நேரம். அதன் முடிவில் காட்சி எதுவும் வராது, இரும்பை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அயர்ன் மேன் முதல் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

பல உலகங்கள், ஒரே ஆளுக்குப் பல உருவங்கள் என்று போகும் படங்களைத் தள்ளி வையுங்கள். செத்தவர் வேறொரு உலகத்திலிருந்து திரும்பி வரலாம் என்று தெரிந்தால், சாவுக்கு அழ மனம் வராது. ஆனால் சீரியல் பிரியர்களுக்கு எண்ட்கேமுக்குப் பிறகு வாண்டாவிஷன் (2021) என்ற மார்வெல் தொடர் கட்டாயம். ஒன்பதே பாகங்கள். பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் பாணியில் சிரிப்போடு தொடங்கும். போகப்போகத்தான், இழப்பைத் தாங்க முடியாத ஒருத்தியின் கதை இது என்று தெரியவரும்.

கடைசிப் படி: கதையைத் திருப்பிச் சொல்லவிடுங்கள்

திடலில் படம் போட்ட மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு முழுக் கதையையும் சொல்வார்களாம். அதையே நானும் செய்ய வைத்தேன். பெரியம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் மின்னல் முரளி கதையைச் சொன்னார். பறப்பது, சண்டை எதுவும் அதில் இல்லை. முழுக்க ஷிபுவின் கதை. அவன் என்ன வேலை செய்தான், யாரை நினைத்துக்கொண்டிருந்தான், ஊர் அவனை எப்படி நடத்தியது என்று அரைமணி நேரம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அக்காவும் மகளோடு வந்து உட்கார்ந்தார். மறுபடியும் மின்னல் முரளியிலிருந்தே தொடங்கினோம்.