பழைய வால்வு வானொலிக்குப் புதிய பின்பலகை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகளால் இயங்கும் தாத்தா காலத்து வானொலிகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. பெட்டியும் குமிழ்களும் நன்றாக இருக்க, பின்பலகை மட்டும் ஈரத்தில் உப்பியோ கரையான் அரித்தோ போயிருக்கும். சுவரைப் பார்த்த பக்கம்தானே என்று அப்படியே விட்டுவிடக்கூடாது. மின்மாற்றி இல்லாத, ஏசி, டிசி ஆகிய இருவகை மின்சாரத்திலும் ஓடும் வானொலிகளில், உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸ், வீட்டு மின்சாரக் கம்பி ஒன்றோடு நேராக இணைந்திருக்கும். பிளக்கின் கம்பி மாறியிருந்தால் சேசிஸ் முழுவதிலும் 240 வோல்ட் நிற்கும்; அதில் கை படாமல் தடுப்பது பின்பலகைதான். யூசிஎச் 81, யூஎல் 84 போன்ற வால்வுகள் இருந்தால் அது பெரும்பாலும் இவ்வகைதான், ஆயினும் எல்லா வானொலியையும் அப்படியே கருதிக் கையாளுவது நல்லது.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றி, பெரிய மின்தேக்கிகளில் தங்கிய மின்சாரத்தை மின்தடை வழியாக இறக்கி, மீட்டரால் சரிபாருங்கள். பழைய பலகையிலோ பெட்டியின் உட்புறத்திலோ சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தாள் ஒட்டியிருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

பலகைக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு போதும். கடையில் புதிதாக வாங்குவதைவிட, கழித்துப் போட்ட பழைய அலமாரியின் முதுகுப்பலகையையே நான் விரும்புவேன். அது நம் ஊர் ஈரத்துக்குப் பழகியிருக்கும். உலோகத் தகடு வேண்டவே வேண்டாம்.

பழைய பலகை துண்டுகளாகவேனும் கிடைத்தால் அவற்றை அட்டைமேல் பொருத்தி வரையுங்கள். இல்லையெனில் பெட்டியின் பின்வாயில் தடித்த தாளை வைத்து, விளிம்பை பென்சிலால் தேய்த்தால் வடிவம் பதியும். ஏரியல், எர்த், கிராம் (இசைத்தட்டுக் கருவி) ஆகியவற்றைச் செருகும் குழிகளும் மின்கம்பி வெளிவரும் இடமும் சேசிஸிலிருந்தே அளக்கப்பட வேண்டும். ஈரத்தில் பலகை விரியும் என்பதால் சுற்றிலும் 1 மி.மீ. குறைத்து, நுண்பல் ரம்பத்தால் அறுங்கள்.

காற்றுத் துளைகளில்தான் கவனம் அதிகம் தேவை. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் ஒலிபெருக்கியை இயக்கும் ஒலி வெளியீட்டு வால்வையும் தாண்டி மேலே வெளியேற வேண்டும். ஆகவே சேசிஸ் மட்டத்துக்குக் கீழ் ஒரு வரிசையும், அவ்விரு வால்வுகளுக்கு நேரே மேற்பகுதியில் நெருக்கமான வரிசைகளும் இடுங்கள். துளை 6 மி.மீ.க்கு மேற்பட வேண்டாம். அகலமாக்கினால் பிள்ளையின் விரல் நுழைந்துவிடும். காற்று போதாதெனில் துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அடியில் வேண்டாத மரக்கட்டை வைத்துத் துளைத்தால் பின்புறம் பிய்யாது. பல்லிக்குப் பயந்து கொசுவலை ஒட்டுவோர் உண்டு. தூசி படிந்து அது காற்றை அடைத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சில வானொலிகளில் பின்பலகையிலேயே கம்பிச் சுருள் ஏரியல் சுற்றப்பட்டிருக்கும். அது நிலையத்தைப் பிடிக்கும் டியூனிங் மின்சுற்றின் ஓர் உறுப்பு. ஆகவே கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டுள்ளது என்ற எண்ணிக்கை, சட்டத்தின் அளவு, கம்பியின் தடிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் அதே கம்பியையே புதுப்பலகைக்கு மாற்றுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் பூசினால் பலகை வளையும். இரு பக்கமும் விளிம்பும் சேர்த்துப் பூசுங்கள். திருகாணிகள் சேசிஸைத் தொடாமல் பெட்டியின் மரத்திலேயே இறங்க வேண்டும். பலகையை மாட்டிய பின் ஒரு மணி நேரம் பாடவிட்டு, பிளக்கைக் கழற்றி வால்வுகளுக்கு நேரான இடத்தைத் தொட்டுப் பாருங்கள்: கை வைக்க முடியாத சூடோ கருகல் வாடையோ இருந்தால் அங்கே துளைகளைக் கூட்டி, பெட்டியைச் சுவரிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள்.